சாட்சிப் புள்ளி

எங்கள் அலர்ஜி கிளினிக்கில் முதல் புள்ளிக்குச் சாட்சி என்று பெயர். புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறது, அது வாயில் நுழையாது. முன்கையின் உட்பக்கத்தில் பேனாவால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து விட்டு, ஊசிமுனையால் லேசாகக் குத்துவேன். தூசு, பூனை முடி, முட்டை, வேர்க்கடலை, இறால் என்று ஒவ்வொரு சொட்டும் ஒன்று. பதினைந்து நிமிடம் காத்திருந்தால், உடம்புக்கு ஆகாத பொருள் இருக்கும் இடத்தில் கொசு கடித்ததுபோல் தடிக்கும். அதை மில்லிமீட்டரில் அளந்து தாளில் எழுத வேண்டும்.

முதல் சொட்டு மட்டும் யார் கையாக இருந்தாலும் தடித்தே ஆகவேண்டிய மருந்து. அது தடித்தால் தோல் விழித்திருக்கிறது, மற்றப் புள்ளிகளை நம்பலாம். தடிக்கவில்லை என்றால் ஏதோ மாத்திரை தோலைத் தூங்க வைத்திருக்கிறது. அன்றைய சோதனையைக் குப்பையில் போட்டுவிட்டு ஆளை ஒரு வாரம் கழித்து வரச் சொல்ல வேண்டும்.

பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். சாட்சி எப்போதும் தடித்துக்கொண்டேதான் இருந்தது. நாலு, ஐந்து, சில சமயம் ஆறு. அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. காத்திருக்கும் நேரத்தில் தாளில் பெயர், வயது, தேதி எழுதும்போதே முதல் கட்டத்தில் ஐந்து என்றும் எழுதி வைத்துவிடுவேன். எப்படியும் வரப்போவதுதானே. இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நான் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன்.

அன்று காலை பதினோரு மணிக்கு வந்தவர் ஒரு சமையல்காரர். முப்பது வயது இருக்கும். கை நிறைய எண்ணெய் தெறித்த தழும்புகள். பத்து வருஷத்துக்கு முன் ஒரு விருந்தில் இறால் சாப்பிட்டுத் தொண்டை அடைத்து, கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாராம். அதற்குப் பிறகு இறால் வேகும் அடுப்புப் பக்கம் போகாமல், சின்னச் சின்ன மெஸ்களில் காய்கறி நறுக்கியே காலத்தை ஓட்டியிருக்கிறார். இப்போது ஒரு பெரிய ஹோட்டலில் இடம் காலியாம். தங்க வீடும் தருவார்கள். மனைவிக்கு ஏழாம் மாதம்.

"அங்க தலைமைச் சமையல்காரர் ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு சிஸ்டர். 'என் அடுப்படியில நிக்கிறவன் எல்லாத்தையும் ருசி பார்க்கணும். இறால் ஆகாதுன்னா நீ எனக்கு ஆக மாட்டே. டாக்டர்கிட்டப் பேப்பர் வாங்கிட்டு வா'ன்னாரு. இன்னைக்கு அஞ்சு மணிக்கு சமைச்சுக் காட்டணும்."

"காட்டலாம், காட்டலாம். முதல்ல கையைக் காட்டுங்க. மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா தம்பி? சளிக்கு, அரிப்புக்கு, தூக்கத்துக்கு?"

"இல்ல சிஸ்டர்."

"ஒரு வாரமா எதுவுமே இல்லையே?"

"தலைவலிக்குக்கூட இல்ல."

அதைச் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு குத்தும் குத்தி முடித்துத் தாளில் தேதியும் ஐந்தும் எழுதிய நேரம், ஊசி போடும் அறையிலிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அலர்ஜியைப் பழக்கும் ஊசி போட்ட பத்தாவது நிமிடம் மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். அவளைப் படுக்க வைத்து, மருந்து கொடுத்து, உதட்டில் நிறம் திரும்பும்வரை பக்கத்திலேயே நின்றேன். திரும்பி வந்தபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

சமையல்காரர் கையை மடியில் விரித்து வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் நேராக எட்டாம் எண்ணைப் பார்த்தேன், அதுதான் இறால். தடிப்பு இல்லை. மற்றதையும் ஒரு பார்வை பார்த்தேன். கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது கை.

"ஒண்ணுமே இல்ல தம்பி! பொழைச்சீங்க போங்க."

அவர் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நிஜமாவா சிஸ்டர்?"

"பின்னே, பொய்யா?"

"நல்லாப் பார்த்துட்டீங்களா?"

"பதினோரு வருஷமாப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

"அப்ப இன்னைக்கு ருசி பார்க்கலாம்?"

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். கையில் ஒன்றும் இல்லை என்றாலும், இன்னொரு நாள் வந்து எங்கள் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக் காட்டிய பிறகுதான் கிளினிக்கில் சரி என்று சொல்வோம். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டு வந்த மிதப்பில் இருந்தேன் நான். "தோல்ல ஒண்ணும் இல்லேன்னா பயப்பட என்ன இருக்கு? அடுத்த வாரம் ஒரு நாள் இங்க வந்து சாப்பிட்டுக் காட்டணும், அது சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு" என்றேன். டாக்டரம்மா இன்னும் அந்தப் பெண்ணின் கட்டிலருகே இருந்தார். நான் நீட்டிய தாளில் முதல் கட்டத்தில் ஐந்தைப் பார்த்தார், கீழே பதினோரு சைபரைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வழக்கமாகக் கையையும் பார்ப்பார். அன்று என்னை நம்பிவிட்டார். தாளின் நகலைச் சமையல்காரர் கையில் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றரை மணிக்கு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் தூசியிலேயே ஓடியவருக்கு, வீட்டில் உட்கார்ந்த பிறகு தூசி ஆகவில்லையாம். ஐந்தே நிமிடத்தில் அவருடைய முதல் புள்ளி சிவந்து எழும்பியது.

"சிஸ்டர், இவரு யாரு, ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து நிக்கிறாரு?"

சிரித்துவிட்டேன். "அவர்தான் சார் சாட்சி. அவர் எழுந்து நின்னாத்தான் மத்தவங்க சொல்றது செல்லும். அவர் எழும்பலேன்னா..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. காலையில் பார்த்த கை கண் முன்னால் வந்தது. எண்ணெய்த் தழும்புகள், நீல எண்கள், நடுவில் வெறும் தோல். எட்டாம் எண்ணில் ஒன்றும் இல்லை, ஏழில் ஒன்றும் இல்லை. முதல் எண்ணிலும் ஒன்றும் இல்லை.

"என்ன சிஸ்டர், முகம் இப்படி வெளுத்துப் போச்சு? எனக்கு ஏதாவது பெரிய வியாதியா?" என்றார் கண்டக்டர்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல சார்" என்று எழுந்தேன். அலமாரியைத் திறந்து காலைத் தாளை எடுத்தேன். ஐந்து நீல மையில் தேதிக்குப் பக்கத்தில் இருந்தது. பதினோரு சைபரும் கறுப்பு மையில் இருந்தன. ஓடும்போது போட்ட நீலப் பேனா எங்கோ உருண்டுபோய், திரும்பி வந்து வேறு பேனா எடுத்திருக்கிறேன். அளக்காமலே எழுதியது என்று என் எழுத்தே காட்டிக் கொடுத்தது.

எனக்கு முதலில் வந்த பயம் அவர் உயிரைப் பற்றியது என்று சொல்ல ஆசைதான். இல்லை, முதலில் வந்தது என் வேலையைப் பற்றிய பயம். இரண்டு வருஷத்துக்கு முன் எங்களோடு ஒரு நர்ஸ் இருந்தாள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவள் ஒருவரைப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டு, தாளில் முப்பது என்று எழுதினாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே அவளுக்குச் சீட்டுக் கிழிந்தது. என் தோளில் சாய்ந்து அழுதவளிடம், "செய்றதை ஒழுங்காச் செஞ்சிருந்தா இந்த நிலைமை வருமா?" என்று கேட்டவள் நான்தான்.

யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று, தாளில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவர் மனைவி.

"அக்கா, நீங்கதானா அந்த சிஸ்டர்? ரொம்ப சந்தோஷம்க்கா. காலையில இருந்து கால் தரையில நிக்கல அவருக்கு."

"அவர்கிட்டக் கொடும்மா."

"அப்பவே கிளம்பிட்டாரே. போனை வீட்டுலேயே வெச்சுட்டுப் போயிட்டாரு. உள்ள போன் கொண்டுபோகக் கூடாதாம்."

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லும்மா. இந்த வாரம் மாத்திரை ஏதாவது போட்டாரா?"

"அரிப்புக்குப் போடுற மாத்திரைதான்க்கா. அஞ்சு நாளா, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மாத்திரை போட்டுக் கை சுத்தமா வந்தா, மாத்திரை போட்டுச் சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னாரு. சரிதானேக்கா? கிளம்பும்போதும் ரெண்டு போட்டுட்டுத்தான் போனாரு. ஏன்க்கா கேக்கறீங்க?"

சரியில்லை. அந்த மாத்திரை அரிப்பை அடக்கும், தடிப்பை மறைக்கும். தொண்டை வீங்குவதை அது நிறுத்தாது. எச்சரிக்கையாக முதலில் வருகிற அரிப்பைக்கூட வரவிடாது. திருடன் வரும் நேரத்தில் நாயின் வாயைக் கட்டுவது போலத்தான். ஹோட்டல் பெயரை வாங்கிக்கொண்டு அங்கே கூப்பிட்டேன். சமையலறைக்கெல்லாம் லைன் கொடுக்க முடியாது மேடம், காத்திருங்கள் என்று பாட்டுப் போட்டார்கள். மணி நாலு பத்து.

நேரில் போவதைத் தவிர வழியில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கீழ்ப்படி வரை வந்தபின்தான் உறைத்தது, வெறுங்கையோடு போய் என்ன செய்யப் போகிறேன்? அவர் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். தொண்டை அடைக்கும்போது உயிரைப் பிடித்து நிறுத்துகிற ஊசிமருந்து அவசரப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு எண் பொறித்த சிவப்புப் பிளாஸ்டிக் பூட்டு. ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான், எதற்கு வெட்டினோம் என்று நோட்டில் எழுதி டாக்டரம்மாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பெட்டியைத் தொடாமல் போனால் என் வேலை பிழைக்கலாம். அவர் பிழைப்பாரா என்பது அவர் ருசி பார்த்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தது.

படியில் அரை நிமிடம் நின்றேன். அந்த அரை நிமிடத்துக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. பிறகு மேலே ஓடினேன்.

"டாக்டர், காலையில வந்த சமையல்காரருக்கு சாட்சி எழும்பல. நான் பார்க்காமலே அஞ்சுன்னு எழுதிட்டேன். அவர் அஞ்சு நாளா மாத்திரை போட்டிருக்காரு. அஞ்சு மணிக்கு இறால் சாப்பிடப் போறாரு. சாப்பிடலாம்னு சொன்னதும் நான்தான்."

டாக்டரம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கத்தரியை எடுத்துத் தன் கையாலேயே பூட்டை வெட்டினார். இரண்டு ஊசியில் மருந்து நிரப்பி மூடி போட்டு என்னிடம் கொடுத்தார். "தொடையில போடுங்க, துணிக்கு மேலயே போடுங்க. யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. ஆம்புலன்ஸை நான் அனுப்பறேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

டாக்ஸியில் ஏறினேன். ஊசிகள் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டேன். எல்லாச் சிக்னலும் எங்களுக்காகவே சிவப்பாக மாறியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அழாதீங்கம்மா, போயிடலாம்" என்றபோதுதான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

ஹோட்டலின் பின்வாசல் காவலாளி பாஸ் கேட்டார். என் வெள்ளை உடுப்பைக் காட்டினேன். அதற்கும் அசையவில்லை. "உள்ள ஒருத்தர் சாகப் போறார், உன் பேரைச் சொல்லித்தான் போலீஸ்ல எழுதுவேன்" என்றேன். வழி விட்டார்.

சமையலறையில் நீராவியும் பாத்திரச் சத்தமுமாக இருந்தது. நீள மேசையின் ஓரத்தில், புது வெள்ளை அங்கியில் அவர் நின்றிருந்தார். எதிரில் உயரமாக, கைகட்டி நின்ற பெரியவர்தான் தலைமைச் சமையல்காரர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கிண்ணம் இறால் சூப். கிண்ணத்தில் கரண்டி கிடந்தது. கரண்டி நனைந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. தலையை மெல்ல, யாரும் பார்க்காதபடி இடவலமாக ஆட்டினார். சொல்லாதே என்று கெஞ்சினார்.

"எத்தனை கரண்டி?" என்று கேட்டேன்.

"யாரும்மா நீ?" என்றார் பெரியவர்.

"தம்பி, எத்தனை கரண்டி? எப்போ?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் தொண்டையைக் கனைத்தார். மறுபடி கனைத்தார். "மிளகு கொஞ்சம் தூக்கல்."

குரல் கரகரத்திருந்தது. மாத்திரை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. முகத்தில் ஒரு தடிப்பு இல்லை, ஒரு சிவப்பு இல்லை. பார்க்கிறவர்களுக்கு நான்தான் பைத்தியக்காரி. ஆனால் அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும், தொண்டை வீங்கத் தொடங்கிவிட்டது.

"இவருக்கு இறால் ஆகாது. காலையில நான் கொடுத்த பேப்பர் தப்பு" என்றேன் சத்தமாக. அடுப்படி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சிஸ்டர், வேணாம்..." என்று தொடங்கியவருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. கை தொண்டைக்குப் போனது. மூச்சு உள்ளே போகும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மேசையைப் பிடிக்கப் போனவர் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். நானும் பெரியவரும் பிடித்து ஈரத் தரையிலேயே படுக்க வைத்தோம். மூடியைப் பல்லால் கடித்து எடுத்து, கால்சட்டைக்கு மேலேயே தொடையில் குத்தினேன். "காலைத் தூக்கிப் பிடிங்க!" என்று நான் கத்த, அவ்வளவு பெரிய மனுஷர் மறுபேச்சில்லாமல் ஒரு மாவு மூட்டையை இழுத்துக் காலுக்கு அடியில் வைத்தார்.

ஊசி வேலை செய்ய ஆகும் நேரத்தில் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நூறு, நூற்றைம்பது. உதடு நீலமாகியது. இரண்டாவது ஊசியின் மூடியையும் கழற்றினேன். அதையும் போட்டேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது விசில் சத்தம் கொஞ்சம் தணிந்திருந்தது. அவர் கண் என் முகத்திலேயே நிலைத்திருந்தது. அதில் நன்றி இல்லை.

ஆஸ்பத்திரியில் அடுத்த சில மணி நேரம் ஆளை விடமாட்டார்கள், அடங்கியது மறுபடி கிளம்பும் என்ற பயம். கட்டிலருகே நான் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள். என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க மட்டும் இல்லேன்னா அக்கா..."

"நான் இல்லேன்னா அவர் சாப்பிட்டே இருக்க மாட்டார்மா" என்றேன். எழுதி வைத்த ஐந்தைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். அவள் என் கையை மெதுவாக விட்டாள்.

அவர் ஆக்சிஜன் முகமூடியை நகர்த்தினார். "வேலை போச்சு. அது போகட்டும், நானும்தான் பொய் சொன்னேன். ஆனா ஒண்ணு சிஸ்டர். காலையில நான் மாட்டிக்குவேன்னுதான் நினைச்சேன். இவ்வளவு பெரிய கிளினிக்கு, கண்டுபிடிக்காமலா இருப்பாங்கன்னு பயந்துகிட்டேதான் கையை நீட்டினேன். ரெண்டு தடவை கேட்டேனே, நல்லாப் பார்த்தீங்களான்னு. நீங்க பார்த்துட்டேன்னீங்க. சரி, அப்ப நிஜமாவே நமக்குச் சரியாயிடுச்சு போலன்னு நானும் நம்பிட்டேன்."

முகமூடியை எடுத்து மறுபடி அவர் மூக்கில் பொருத்தினேன்.

மறுநாள் காலை டாக்டரம்மா அறைக்குப் போனபோது, ராஜினாமாக் கடிதத்தை எழுதியே பையில் எடுத்துப் போயிருந்தேன். நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. மேசை மேல் மூன்று வருஷத் தாள்கள் குவிந்து கிடந்தன. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்தே பிரித்திருக்கிறார்.

"உங்க வேலை இருக்குமா போகுமாங்கறதை அப்புறம் பேசலாம். இதெல்லாம் நீங்க அளந்தது. வேற ஏதாவது ஒரு புள்ளி தடிச்சிருந்தாக்கூட தோல் விழிச்சிருந்ததுன்னு எடுத்துக்கலாம், அதையெல்லாம் தள்ளி வெச்சுட்டேன். இது மட்டும் முதல்ல அஞ்சு, மத்ததெல்லாம் சைபர். நாப்பத்தோரு பேர். நம்ம முன்னால வந்து சாப்பிட்டுக் காட்டாமப் போனவங்க." அவர் அந்த நாற்பத்தோரு தாள்களையும் என் பக்கம் தள்ளினார். "இதுல எத்தனை அஞ்சு நீங்க பார்த்து எழுதினது?"

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாத் தாளிலும் என் எழுத்தில் அதே அழகான ஐந்து. எந்த முகமும் நினைவில்லை, எந்தக் கையும் நினைவில்லை. அத்தனை பேரிடமும் சிரித்தபடி ஒன்றுமில்லை போங்க என்று சொல்லியிருப்பேன்.

"தெரியலை டாக்டர்."

"அப்ப எல்லாரையும் கூப்பிடுங்க."

போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு முதல் தாளை எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. பெண், இருபத்தாறு வயது, வேர்க்கடலைச் சந்தேகம். கீழே நானே எழுதியிருந்தேன், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டது. எண்ணை அழுத்தினேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. வேலையாக இருப்பாள், குளித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தானாகவே நின்றது. மறுபடி அழுத்தினேன்.

யாரும் எடுக்கவில்லை.